கருங்காலிக் கூடு

எங்கள் வீட்டு வேங்கடேச சுப்ரபாதத்தில் ஒன்பது ‘டக்’ இருக்கிறது. பாட்டுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முதலாவது கேட்கும். தட்டு ஒரு தரம் சுற்றி வர இரண்டாவது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 செக்கன், ஒன்பதும் முடியக் கால் நிமிடம் பிடிக்கும். அப்பாச்சிக்கு அதுதான் மணிக்கூடு. ஒன்பதாவது ‘டக்’ விழுந்ததும் குசினியிலிருந்து குரல் வரும்: “எழும்படா, பள்ளிக்கூடம்!”

கீறல் நான் போட்டது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் அந்த இசைத்தட்டு 1963இல் வெளிவந்தது. மெட்ராசுக்குப் போய்வந்த அப்பாவின் கூட்டாளி ஒருவர் அடுத்த வருசம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு ஒன்பது வயது. ஒரு விடியற்காலை, “இண்டைக்கு நீ வை” என்று அப்பா சொன்னார். ஊசிக்கையை ஆடாமல் இறக்கி வைத்துவிட்டேன். பாட்டும் வந்துவிட்டது. விரலை எடுக்கிற நேரம் பார்த்து உட்துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று ஊதியது. எங்கள் வீடு திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்குப் பின்னால். கப்பல் ஊதினால் அலுமாரிக் கண்ணாடி அதிரும். என் விரல் துள்ளியது. ஊசி தட்டின் மேல் இழுபட்டுப் போன சத்தம் இன்றும் காதில் இருக்கிறது.

அடி விழும் என்று நின்றேன். அப்பா தட்டை எடுத்து வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். “கப்பல் ஊதினதும் அதில பதிஞ்சு போச்சு எண்டு வை” என்றார். அவ்வளவுதான்.

அப்பா டொக்யார்டில் கிளாக்கர். 1957இல் பிரிட்டிஷ் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது உவர்மலையில் இருந்த அதிகாரிகள் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். கதிரை, மேசை, ஐஸ்பெட்டி, நாய்க்குட்டி உட்பட. அப்பா வாங்கியது ஒரு ரேடியோகிராம். மேல்மூடியைத் தூக்கினால் உள்ளே இங்கிலாந்தின் கராட் சுழல்தட்டு. கீழே தட்டுகள் நிறுத்தி வைக்க அறை. அந்த அறையில் வெள்ளைக்காரர் மறந்துவிட்டுப் போன பியானோத் தட்டு ஒன்றும் இருந்தது. அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம் போயிற்று என்று அம்மா பல வருசம் சொல்லிக்கொண்டிருந்தா. எங்கள் ஊரில் பல வீடுகளில் இப்படி ஒரு சாமானாவது உண்டு. போகிறவன் விட்டுப் போனது. துறைமுகத்துக்கு அயலில் வாழ்கிறவர்களுக்கு அது ஒரு வருமானம் மாதிரி.

அந்த ரேடியோகிராமின் தலைதான் நான் முதன்முதல் திறந்து பார்த்த தலை. காட்ரிஜ் என்ற சொல் அப்போது எங்களுக்குத் தெரியாது. அப்பா ‘பிக்கப்’ என்பார். இரண்டு வருசத்துக்கு ஒருதரம் அது ஊமையாகிவிடும். பாட்டு வரவரத் தூரத்தில் போகும். பிறகு கொசு பாடுவது போல இருக்கும். ஒருநாள் அப்பா பேனாக்கத்தியால் அதை நெம்பித் திறந்தார். உள்ளே ஒரு சின்ன வெள்ளைத் துண்டு, பாதி கரைந்து, ஈரமாய். அது ரொஷெல் உப்பு. வளைத்தால் மின்சாரம் தரும் உப்புப் படிகம். ஊசி ஆட, படிகம் வளைய, அதிலிருந்து வரும் மின்சாரந்தான் பாட்டு. ஆனால் உப்பு உப்புத்தானே. ஈரத்தைக் குடிக்கும், கடைசியில் கரைந்தே போகும். மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில், வாடைக்காற்று வீசும் மார்கழியில், அதற்கு என்ன ஆயுள்? அப்பா விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “நிலாவெளி உப்பளத்திலேயே இருந்திருக்கலாம் இது” என்றார்.

எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு. சீனிக்கும் சீலைக்குமே வரிசை. பிக்கப்புக்கு எங்கே போவது. அப்போது பெரியப்பாவின் சாவி கொடுக்கும் கிராமபோன் மறுபடி கூடத்துக்கு வந்தது. அதற்கு இரும்பூசி. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது சட்டம். தேய்ந்த ஊசி தட்டை அரித்துவிடும். ஊசி டப்பா காலியானதும் அப்பா வேலமுள்ளைச் சீவி வைத்துப் பார்த்தார். சிரிக்காதீர்கள், மேல்நாட்டிலும் முள்ளூசி பாவித்திருக்கிறார்கள். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி வேலமுள்ளில் மெதுவாக, வேறு வீட்டிலிருந்து கேட்பது போல வந்தது. இரும்பூசியைவிட அதுதான் நல்லது என்று அப்பாச்சி சொன்னா. அவவுக்கு எதுவும் சத்தமாக இருக்கக்கூடாது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1942 ஏப்ரல் 9, காலை. யப்பான் விமானங்கள் துறைமுகத்தின் மேலும் சீனன்குடா விமானத்தளத்தின் மேலும் குண்டு போட்டன. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றில் மோதி, அந்தத் தாங்கி நாட்கணக்கில் எரிந்தது. அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பலையும் தாட்டார்கள். அப்பாச்சி அடுப்பில் சோற்றுப் பானையை வைத்தபடியே விட்டுவிட்டு, பிள்ளைகளோடு தம்பலகாமத்துக்கு நடந்தாவாம். கையில் எடுத்துக்கொண்டு போனது நகைப்பெட்டியும் ஓர் உலக்கையும். ஏன் உலக்கை என்று நாங்கள் கேட்டுக் கேட்டுச் சிரிப்போம். “கருங்காலி உலக்கை. எங்கட அம்மா சீதனமாத் தந்தது. யப்பான்காரனுக்கு விட்டுப்போட்டுப் போகச் சொல்லுறியளோ?” என்பா.

1977க்குப் பிறகு கடைகளில் யப்பான் ரேடியோக்கள் நிறைந்தபோது அப்பா ஒன்று வாங்கி வந்தார். அப்பாச்சி அதைப் பார்த்து, “குண்டு போட்டவன்ர சாமானோ?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனா. இரண்டு நாள் கழித்து அதில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரல் கேட்டதும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டா.

1990 ஆனியில் யுத்தம் மறுபடி மூண்டபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்தபோது பூட்டு மட்டும் இருந்தது. ரேடியோகிராம் இல்லை, கிராமபோன் இல்லை, 78 தட்டுகள் அடுக்கிய தகரப்பெட்டி இல்லை. யார் எடுத்தது என்று கேட்கிற காலமல்ல அது. சுப்ரபாதத்தை மட்டும் அம்மா கூறைச்சேலைக்குள் சுற்றி, தன்னோடு கொண்டு திரிந்தா. உலக்கையை ஒருவரும் தொடவில்லை. கிணற்றடியில், நடுவில் பிளந்து, மழையில் கிடந்தது.

நான் அப்போது நிலாவெளிப் பக்கம் ஜேர்மன் வானொலியின் அஞ்சல் நிலையத்தில் தொழில்நுட்பவியலாளன். டொய்ச்ச வெல்லவின் சிற்றலை ஒலிபரப்பை ஆசியாவுக்கு அனுப்பிய நிலையம் அது. 250 கிலோவாட் பரப்பிகள். அந்தக் கம்பங்களுக்குக் கீழே நிற்கும்போது பல்லில் அடைத்த ஈயம் பாடும் என்று பகிடி விடுவோம். அங்கிருந்து ஊர் திரும்பிய ஜேர்மன் பொறியியலாளர் ஒருவரிடம் நான் ஒரு டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வாங்கினேன். அப்பா செய்ததையே நானும் செய்திருக்கிறேன் என்பது வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்த பிறகுதான் உறைத்தது.

டொரன்டோவில் இருக்கும் அண்ணன் ஒருநாள் தொலைபேசியில், “உனக்கு ஒரு காட்ரிஜ் அனுப்பட்டோ?” என்று கேட்டான். “அண்ணை, அந்தச் சொல்லைப் போனில சொல்லாதை!” என்று கத்திவிட்டேன். காட்ரிஜ் என்றால் தோட்டா. சோதனைச் சாவடிக்குச் சாவடி பையைக் கவிழ்த்துக் காட்டிய காலம். ‘காட்ரிஜ் ஒன்று’ என்று எழுதிய பொதி எனக்கு வந்தால், அது பாட்டுக் கேட்கிறது என்று விளக்கி முடிப்பதற்குள் விடிந்துவிடும். ஆகவே யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்துக்குப் பிறகுதான் வந்தது டெனன் டிஎல்-103.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயும் டெனனும் சேர்ந்து அறுபதுகளின் தொடக்கத்தில் ஸ்டீரியோ ஒலிபரப்புக்கென்று வடிவமைத்த தலை. இன்னும் அதே வடிவம். இன்னும் புக்குஷிமா மாகாணத்து ஷிரகாவாவில் கையால் செய்கிறார்கள். ஊசி நுனி வட்டம், 16.5 மைக்ரோன் ஆரம். உப்புப் படிகம் இல்லை. ஊசித்தண்டின் மறுமுனையில் மயிரிலும் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள், அதைச் சுற்றிக் காந்தம். சுருள் ஆட ஆட 0.3 மில்லிவோல்ட் வரும். அப்பாவின் உப்புத்தலை கிட்டத்தட்ட ஒரு வோல்ட் தந்தது. பகல் முழுக்க 250 கிலோவாட்டுக்குக் காவல் இருந்துவிட்டு, இரவில் ஒரு வோல்ட்டில் மூவாயிரத்தில் ஒரு பங்கைத் தேடிக்கொண்டு இருப்பது ஒரு வேடிக்கையான பிழைப்பு.

78 தட்டுக்கு இது உதவாது. அந்தக் காடியின் அகலத்துக்கு இந்த நுனி அடியில் விழுந்து குப்பையைக் கிண்டும். எனக்கு அதனால் நட்டமில்லை. என்னிடம் 78 எதுவும் மிஞ்சவில்லை.

இந்தத் தலையின் குறை அதன் கூடு. மெல்லிய கறுப்புப் பிளாஸ்டிக். முன்னால் நேர் பார்க்க ஒரு வெள்ளைக் கோடு. வெள்ளை எழுத்தில் பெயர். வானொலி நிலையத்துக்கு அது போதும்: பாரம் குறைவு, ஒன்று போனால் இன்னொன்றைச் சட்டென்று மாட்டலாம். ஆனால் காடியில் ஊசி ஆடும்போது அந்த ஆட்டத்தில் ஒரு பங்கு கூட்டுக்கும் போகிறது. கூடு வெறும் டப்பா என்றால் அதுவும் தன் பங்குக்கு முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பு மறுபடி சுருளுக்கு வந்து பாட்டோடு கலக்கும். கூத்துக்காரன் ஆடும்போது பலகையும் சேர்ந்து ஆடினால் எப்படி? ஆகவே உலகம் முழுவதும் இந்தத் தலையை வாங்கி, பிளாஸ்டிக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளுறுப்பை அலுமினியத்திலோ மரத்திலோ குடைந்த கூட்டுக்குள் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அலுமினியக் கூட்டோடேயே விற்கிறது. அண்ணன் அதன் விலையை டொலரில் சொன்னான். நான் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிட்டு வேறு கதை கதைத்தேன்.

2013இல் அஞ்சல் நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கைமாறியது. நான் வீட்டோடு இருந்துவிட்டேன். சும்மா இருப்பவனின் கண் கிணற்றடிக்குத்தானே போகும். உலக்கை இன்னும் கிடந்தது. இருபத்துமூன்று வருச மழையாலும் கறையானாலும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு துண்டை அறுத்து வாளித் தண்ணீரில் போட்டேன். கல்லுப் போல அடியில் போய் இருந்தது. கருங்காலி அப்படித்தான். ஒருகாலத்தில் இந்தப் பக்கத்துக் காட்டுக் கருங்காலி கப்பலேறி ஐரோப்பா போனது. இன்றைக்கு அதை வெட்டச் சட்டம் விடாது, நல்லதும்கூட. ஆகவே பாவிக்கக் கூடியது பழையதுதான்.

மரம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர்ப் பெயரோடு ஒரு போர்க்கப்பல் உண்டு: ‘ட்ரிங்கோமலி’. 1817இல் பம்பாயில், மலபார்த் தேக்கில், வாடியா குடும்பம் கட்டியது. இருநூறு வருசம் கழிந்தும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. கிண்ணியா ஓடாவி நானாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “தேக்கு வேற என்ன செய்யும்?” என்றார்.

அவரிடந்தான் உலக்கைத் துண்டைக் கொண்டுபோனேன். எழுபது வயதுக்கு மேல், தோணி கட்டுகிறவர். முன்பென்றால் கிண்ணியாவுக்கு மிதவைப் பாதையில் ஏறிக் கடக்க வேண்டும். 2009இல் பாலம் திறந்தபின் சைக்கிளிலேயே போய்வரலாம். டிஎல்-103ஐக் காட்டி, இதே அளவில், உள்ளே குடைந்து, மேலே 12.7 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு திருகாணித் துளை வேண்டும் என்றேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

“தம்பி, இந்தத் தோணிக்கு ஏரா எங்க?”

முதல் மூன்றும் வெடித்துப் போயின. கருங்காலி இரும்பு மாதிரி என்று சொல்கிறோம். கண்ணாடி மாதிரி என்றும் சொல்ல வேண்டும். ஓரம் மில்லிமீற்றர் அளவுக்கு மெலிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் தெறிக்கும். நாலாவதை அவர் வெளிப்பக்கம் மட்டும் வடித்துத் தந்தார். உட்குடைவை நான் பல் வைத்தியர் ஒருவர் கழித்துவிட்ட துளையூசிகளால் பத்து நாள் இருந்து செய்தேன். நானா ஒன்று சொன்னார், அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது: “இப்ப வாடை. மரம் ஊதி இருக்கு. இறுக்கமா வச்சியளெண்டா கச்சான் காத்துக்குச் சுருங்கி நெரிச்சுப்போடும். ஒரு கடுதாசி இடம் விடுங்க.” விட்டேன்.

கழற்றுவதுதான் உயிர்போகிற வேலை. பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும் இணைப்பில் கத்தி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீற வேண்டும். உள்ளே உள்ள காந்தத்துக்கு இரும்பு என்றால் பசி. உருக்குக் கத்தியோ திருப்புளியோ பக்கத்தில் போனால் கையிலிருந்து பறித்து இழுக்கும். இழுக்கிற பாதையில் ஊசித்தண்டு இருந்தால் அதோடு சரி. ஊசிக்காப்பை மாட்டிவிட்டு, இரும்புச் சாமான் எல்லாவற்றையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டு, பித்தளைத் தகட்டைக் கத்தி போலத் தீட்டிக்கொண்டேன். அது கீறாத இடத்தில் மூங்கில் சீவல். பின்னால் உள்ள நாலு முனைக்கும் போகும் செப்புக் கம்பிகள் வெறுங்கண்ணுக்கு வெளிச்சம் பட்டால்தான் தெரியும். ஒன்று அறுந்தாலும் பற்றவைக்க இந்தக் கைக்கு வயது போதாது, அல்லது கூடிவிட்டது. மனுசி, “மூச்சு விடுறியளோ?” என்று இரண்டுதரம் கேட்டா.

கூடு கழன்று வந்ததும் உள்ளே இருந்ததைப் பார்த்தேன். தோல் உரித்த கோழிக்குஞ்சு மாதிரி, பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒட்டுவதற்கு எப்பொக்சிப் பசை என்கிறார்கள். அது ஒருவழிப் பாதை. பிழைத்தால் திரும்பி வர வேணும் என்று நான் தேன்மெழுகு வைத்தேன், நாலு மூலையிலும் கடுகளவு. பித்தளைத் திருகாணி. சிவப்பும் பச்சையும் வலது, வெள்ளையும் நீலமும் இடது.

பிறகு நிறை. பழைய கூட்டோடு 8.5 கிராம், நம் கணக்கில் ஒரு பவுணுக்குக் கொஞ்சம் மேல். உலக்கைக் கூட்டோடு 11 கிராம். ஊசிக்கையின் பின்பக்கத்தில் துணை எடை ஒன்று பூட்ட வேண்டி வந்தது. இந்தத் தலையின் ஊசித்தண்டு விறைப்பானது, கொஞ்சம் பாரம் கூடினால் அதற்குப் பிடிக்கும். நான் போட்ட கணக்கில் கையும் தலையும் சேர்ந்து தானாக ஆடும் அதிர்வு 11 ஹேர்ட்ஸ் பக்கமிருந்து 10க்கு இறங்கியது. 8க்கும் 12க்கும் நடுவில் நின்றால் நல்லது என்பார்கள். ஊசி தட்டை அழுத்த வேண்டியது 2.5 கிராம். அதை அளக்கத் தட்டார் கடைத் தம்பி தன் சின்ன இலத்திரன் தராசோடு வந்தான். வைத்தால் நாலு கிராம் காட்டியது, எடுத்து வைத்தால் நாலரை. பயல் குழம்பிப் போனான். “அண்ணை, இது பவுணைவிட ஆசை பிடிச்ச சாமானா இருக்கு.” காந்தம் தராசின் உருக்குத் தட்டை இழுக்கிறது, வேறொன்றுமில்லை. உலக்கையில் மிஞ்சிய சில்லு ஒன்றைத் தட்டில் வைத்து, அதைப் பூச்சியமாக்கி, அதன் மேல் ஊசியை இறக்கினோம். 2.5.

இரவு ஒன்பது மணி. மின்விசிறியை நிறுத்திவிட்டு சுப்ரபாதத்தைப் போட்டேன். விடிய வேண்டிய பாட்டு இராத்திரி ஒன்பது மணிக்கு, பெருமாள் பொறுத்துக்கொள்வார். நாங்கள் சைவக்காரர், கோணேசர் காலடியில் இருந்துகொண்டு திருப்பதிக்காரரை எழுப்புகிறோம் என்று அப்பாச்சி முறுகாத நாளில்லை. எழும்பும் நேரம் மட்டும் அவர் கணக்குத்தான்.

என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். சத்தம் கூடவில்லை. குரல் மாறவில்லை. எம்.எஸ்ஸோடு சேர்ந்து ராதா விஸ்வநாதனும் பாடுகிறா. இத்தனை வருசம் இரண்டும் ஒரே குரலின் தடிப்பு என்றுதான் என் காது வைத்திருந்தது. அன்றைக்கு இரண்டு பேர் நின்றார்கள், ஒருவர் அரையடி பின்னால். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஒரு வெறுமை இருந்தது. முன்பு அங்கே ஏதோ ஒரு புகை. புதுக் கூடு எதையும் கூட்டித் தருவதில்லை. பழைய கூடு பேசிக்கொண்டிருந்ததை நிறுத்துகிறது, அவ்வளவே. இதற்காக வேலை செய்கிற தலையை உடைப்பதா என்று கேட்டால், பெரும்பாலானோருக்கு வேண்டாம் என்பேன். ஊசி தேய்ந்திருந்தால் முதலில் ஊசியைப் பாருங்கள், தட்டைக் கழுவுங்கள். அதில் வரும் பலன் இதைவிடப் பெரிது. என்னிடம் ஓர் உலக்கை கிடந்தது, நான் செய்தேன்.

பிறகு ‘டக்’ வந்தது. முன்பைவிடத் துப்புரவாக, ஆணியால் தட்டினது போல. ஒன்று, இரண்டு என்று என் வாய் தானாக எண்ணியது. ஒன்பதாவதோடு மனுசி உள்ளேயிருந்து, “ஆர் எழும்ப வேணும் இப்ப?” என்றா. அப்பாச்சியை அவ ஒருநாளும் கண்டதில்லை. கதை மட்டும் கேட்டிருக்கிறா.

பிளாஸ்டிக் கூட்டை எறியவில்லை. பெரியப்பாவின் ஊசி டப்பா, அது எப்படியோ தப்பியது, அதற்குள் இருக்கிறது. மெழுகு ஒருதரம் கச்சான் வெக்கைக்கு இளகியது, திருப்பி வைத்தேன். நானா சொன்ன கடுதாசி இடம் காப்பாற்றிவிட்டது. அவர் காலமாகி ஐந்து வருசம்.

ஒரு வேண்டுகோள். எழுபதுகளில் எங்கள் ஊர்ச் சகோதரர்கள் பரமேஷ், கோணேஷ் பாடிய பொப்பிசைப் பாட்டுகள் இசைத்தட்டாக வந்தன. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. 1990இல் போனவற்றோடு போயிற்று. உங்கள் பரணிலோ, அலுமாரிக்குப் பின்னாலோ கிடந்தால் குப்பைக்குப் போடாதீர்கள். அட்டை இல்லாவிட்டாலும் காரியமில்லை. உட்துறைமுக வீதிப் பக்கம் வருகிற யாரிடமாவது சொல்லி விடுங்கள், நானே வந்து எடுத்து, கழுவி, ஒலிப்பதிவு செய்து ஒரு பிரதி உங்களுக்கும் தருவேன். கீறல் இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம்.